நீலக்கோடு அண்ணனும் நான்கு மொபெட்டுகளும்

ஒரு பெண்ணைத் தேர்வு எழுதவிடாமல் செய்தவன் நான். வேண்டுமென்றே செய்தீரா என்று கேட்டால், பாதி வேண்டுமென்றேதான். பழி ஏறத்தாழ ஒரு வருடம் இன்னொருவர் தலையில் இருந்தது. நான் தினமும் காலையில் அவர் வீட்டைத் தாண்டித்தான் நடைப்பயிற்சிக்குப் போய்வந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் அந்த மனிதரைச் சொல்லிவிட வேண்டும். காரில் இருக்கும் வழிகாட்டித் திரையை நம்புகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் இருப்பார்கள். அதற்கு "சரிங்கம்மா" என்று பதில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புகிறவர், புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறார்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீலக்கோடு அண்ணன் என்றால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். ரைஸ்மில் வைத்திருந்தவர். முழங்கால் வலி வந்ததும் மில்லைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அப்பா சும்மா இருக்கிறாரே என்று ஒரு கார் வாங்கிக் கொடுத்தான். காரின் நடுவில் பெரிய திரை. போகவேண்டிய ஊரைச் சொன்னால் வரைபடத்தில் நீலக்கோடு போட்டு வழி காட்டும். எங்கே நெரிசலோ அங்கே கோடு ஆரஞ்சாகும். நெரிசல் முற்றினால் சிவப்பாகும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு பெண்குரல் சுத்தமான தமிழில் சொல்லும்.

அந்தக் குரலை அவர் அம்மா என்பார். அம்மா பேசும்போது காரில் வேறு யாரும் பேசக்கூடாது. "செத்த இருங்க, அம்மா என்னமோ சொல்றாங்க" என்று கையை உயர்த்துவார். வழியில் சிறுநீர் கழிக்க இறங்கினால்கூட, "ஒரு நிமிசங்கம்மா, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். வெள்ளிக்கிழமைகளில் திரையின் மேல்விளிம்பில் மல்லிகைச் சரம் தொங்கும். தெருக்கோடிப் பால் கடைக்குப் போவதற்கும் திரையில் பால் கடையைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். "நமக்குத் தெரிஞ்ச கடைதானங்க" என்று ஒருநாள் கேட்டேன். "தெரிஞ்ச கடைதான். வழி தெரிஞ்சுருச்சுன்னு நம்மளா போனா அம்மாவுக்கு என்ன மரியாதைங்க?" என்றார்.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிந்ததும் அவருடைய அறிக்கை வந்துவிடும். கீழராஜ வீதி ஆரஞ்சு. மார்க்கெட் சிவப்பு. திருச்சி ரோடு நீலம். அனைவருக்கும் காலை வணக்கம். கேட்டவர் எவரும் இல்லை. ஆனாலும் ஒருநாள் வராவிட்டால், அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு ரயில் என்றாலும் அவர்தான் கொண்டுபோய் விடுவார். டீசலுக்கென்று எதையும் கையில் வாங்கமாட்டார்.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். அந்தக் கார் வருவதற்கு முன்னால், எந்த ஊருக்கு எந்த வழி நல்லது, எங்கே பாலம் வேலை நடக்கிறது, எந்த பஸ் எங்கே மாறவேண்டும் என்று தெரு முழுக்க என்னைத்தான் கேட்கும். நானும் ஈஸிசேரில் சாய்ந்தபடி சொல்வேன். கார் வந்த பிறகு யாரும் கேட்கவில்லை. ஒரு தகரத் திரை என் நாற்காலியைப் பறித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றியது. இதை என் மனைவியிடம்கூட அப்போது சொல்லவில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

அதற்கு மேல் ஆவுடையார்கோவில் கல்யாணம் வேறு வந்தது.

கல்யாணம் என் மைத்துனரின் மகளுக்கு. என்னையும் என் மனைவியையும், என் நடைக்கூட்டாளி கம்பவுண்டர் சுப்பையாவையும் நீலக்கோடு அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டார். அறந்தாங்கி தாண்டும்வரை எல்லாம் நீலம். மண்டபத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் கடைசித் துண்டுச் சாலை சிவப்பாகிவிட்டது. அண்ணன் புளியமரத்து நிழலில் ஒரு டீக்கடையோரம் வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்னங்க, நிறுத்திட்டீங்க?"

"செவப்புங்க. அம்மாவே யோசிக்கிறாங்க."

"மண்டபம் அந்தா தெரியுது. நடந்தே போயிருவோம்."

"அக்காவ இந்த வெயில்ல நடக்க விடுவேனா? எறங்காதீங்க. டீ சொல்லியிருக்கேன்."

டீ வந்தது. வடை வந்தது. மேளச்சத்தம் கேட்டது, அது உச்சத்துக்குப் போய் ஓய்வதும் கேட்டது. "தாலி கட்டிட்டாங்க போல" என்றார் கம்பவுண்டர். என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டாவது வடையைக் கீழே வைத்துவிட்டார். எதிரே ஒவ்வொன்றாக கார்கள் வரத் தொடங்கின. திரையில் சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு நீலமானது. அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பொறுமையா இருந்தா தானா தெளியும்."

நாங்கள் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர், "ரசம் மட்டும் இருக்குங்க" என்றார். மைத்துனர் என் கையைப் பிடித்து, "மச்சான், மறுவீட்டுக்காச்சும் நேரத்துக்கு வந்துருங்க" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

திரும்பும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அந்தச் சிவப்பே கல்யாணத்துக்கு வந்தவங்க வண்டிதானய்யா. அவங்க போய்ட்டா நீலமாகும். கல்யாணமும் முடிஞ்சிரும். தெரியாதா ஒங்களுக்கு?"

அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "அப்ப அவுங்க எல்லாரும் ஏன் சார் அம்மா பேச்சக் கேக்காம உள்ள போனாங்க?"

அன்று இரவு எனக்குக் கோபத்தோடு ஒரு யோசனையும் மிச்சமிருந்தது. அந்தத் திரை சாலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. வண்டிகளில் போகிறவர்களின் செல்போன்கள் தாங்கள் எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரே இடத்தில் பல போன்கள் ஆமையாக ஊர்ந்தால், அங்கே நெரிசல் என்று கணக்குப் போட்டு அது சிவப்பைப் பூசிவிடும். ஊர்கிறவர்கள் யார், எதற்காக ஊர்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

நடைக்கூட்டாளிகள் நாங்கள் நான்கு பேர். நால்வரிடமும் மொபெட் உண்டு. வீட்டில் இருந்த போன்களையெல்லாம் பைகளில் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவின் மேற்கு முனையில் நடக்கிற வேகத்தில் மேலும் கீழும் ஓட்டினோம். அண்ணன் முழங்காலுக்கு மாத்திரை வாங்கும் மருந்துக்கடை அந்த முனையில்தான் இருக்கிறது. சிறிது நேரத்தில் அண்ணனின் கார் வீட்டிலிருந்து கிளம்பி, கிழக்கே திரும்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் அதுவரை அவர் வீட்டு வாசலைத் தன் கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப டிராபிக்குங்க" என்று மாத்திரை வாங்கினார் அண்ணன். நாங்கள் சந்துக்குள் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்யாண ரசம் அன்றைக்குத்தான் எனக்குச் செரித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நஸ்ரின். தந்தை கத்தாரில் வேலை பார்க்கிறார். அம்மாவும் மகளும் மட்டும் இங்கே. நஸ்ரின் அரசு வேலைக்கான தேர்வுக்கு ராப்பகலாகப் படித்தாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ஓர் ஒப்பந்தம்: ஒரே ஒரு தடவை எழுதலாம், கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்கச் சம்மதிக்க வேண்டும். தேர்வு மையம் திருச்சியில். அன்று காலை குழுவில் அறிக்கை வந்தது. திருச்சி ரோடு நீலம். நஸ்ரின் பாப்பாவைத் தேர்வுக்கு அழைத்துப் போகிறேன். அவரவர் சாமியிடம் சொல்லிவைக்கவும்.

அவள் அந்தக் காரில் இருந்தது எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. தெரியும். அண்ணன் அன்றைக்குத் திருச்சி போவது முன்னமே தெரிந்து, இந்த முறை நெடுஞ்சாலையிலேயே காட்டிவிடுவது என்று நாங்கள் நால்வரும் முந்திக்கொண்டு கிளம்பி, கீரனூர் தாண்டி நின்றிருந்தோம். அங்கேதான் அறிக்கையைப் படித்தோம். கம்பவுண்டர் தயங்கினார்.

"இன்னிக்கு வேணாம் சார். புள்ள பரீட்சைக்குப் போகுது."

"நேரம் நிறைய இருக்குய்யா. ஒரு சுத்து சுத்திட்டுப் போகட்டும்."

சொன்னவன் நான்தான். கீரனூருக்கும் குளத்தூர் பிரியும் இடத்துக்கும் நடுவில் நாங்கள் ஊர்ந்தோம். சாலை சிவப்பானது. கார் எங்கள் பக்கம் வரவே இல்லை; கீரனூரிலேயே வலப்பக்கம் திரும்பி குன்றாண்டார்கோவில் சாலையில் போய்விட்டது. நாங்கள் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

அதன்பின் நடந்ததை நஸ்ரின் பிற்பாடு சொல்லித்தான் கேட்டேன். அறுவடைக் காலம். குன்றாண்டார்கோவில் தாண்டிய சின்னச் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் உளுந்து தானாக உதிரும். எங்கள் மாவட்டத்தில் எல்லாச் சாலையும் மாசி பங்குனியில் களத்துமேடுதான். ஓர் அம்மாள் கையைக் காட்டினாள்.

"அண்ணே, மெதுவா ஏத்திப் போங்கண்ணே. காலையிலேருந்து ஒரு வண்டி வரல இங்கிட்டு."

அண்ணன் மெதுவாக ஏற்றினார்.

"அப்படியே பின்னால வந்து இன்னொரு தடவ மிதிச்சிட்டுப் போயிருங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

இல்லை என்று ஒருவரிடமும் சொல்லத் தெரியாதவர் அவர். பின்னால் வந்தார். மறுபடி ஏற்றினார். "மாமா, நேரமாச்சு" என்று நஸ்ரின் சொல்ல, "இந்தா ஆச்சும்மா, ஓரத்துல கொஞ்சம் மிதிபடாம கெடக்கு" என்று ஓரத்தையும் மிதித்தாராம். அடுத்த வளைவில் ஆட்டுமந்தை. அதற்கடுத்து இன்னொரு ஊர், இன்னொரு உளுந்து. திருச்சியில் தேர்வு மையத்தின் கதவை அவள் கண்முன்னால் மூடினார்கள்.

திரும்பி வந்த கார் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். "எல்லாம் என்னாலதான்" என்று வாசல் வாசலாகச் சொன்னார். மறுநாள் குழுவில் அறிக்கை இல்லை. காரை வீட்டு ஓரத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பால் கடைக்கு நடந்தார். யாராவது காரைப் பற்றிக் கேட்டால், "அம்மா கைவிட்டாங்க. பேச்சு வார்த்த இல்ல" என்பார். நஸ்ரின் புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். அவள் அம்மா, "நஸீபுல இல்ல" என்று முடித்துக்கொண்டார்கள். அல்லா எழுதியது அவ்வளவுதான் என்று பொருள். நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர்களும் திறக்கவில்லை.

வருடம் முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் நஸ்ரினின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி காபி கொடுத்தாள்.

"பொண்ணு பாக்க வர்றாங்க சார். இவ அத்தா ஊர்ல இல்ல. பெரிய மனுசரா நீங்களும் அக்காவும் வந்து முன்னால உக்காரணும். பரீட்சைதான் நஸீபுல இல்லாமப் போச்சு."

பெரிய மனுசர் என்ற சொல்தான் என்னை உடைத்தது.

"அது நஸீபு இல்லம்மா" என்றேன். "மொபெட்டு."

அவர்களுக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கும் விளங்கவில்லை. ஆவுடையார்கோவிலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டர் வேண்டாம் என்றதையும், நான் வேண்டும் என்றதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது காபி ஆடை கட்டியிருந்தது. அந்த அம்மாள் டம்ளரைத் தொடாமல் தள்ளி வைத்தார்கள்.

"அதுக்கப்புறம் எங்க வீட்டு நோன்புக் கஞ்சி குடிச்சீங்களே சார்" என்றார்கள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்கள்.

என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மாலை பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பெண் பார்க்க யாரும் வரவில்லை. நஸ்ரின் மாடியில் துணி காயப்போட வந்தபோது என்னைப் பார்த்தாள். "அடுத்த தடவ எந்த ரோட்ட அடைக்கப் போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிருங்க தாத்தா. நான் ரயில்ல போயிக்கிறேன்." அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு நீலக்கோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒரே ஒரு கேள்வி.

"அப்ப அம்மா மேல தப்பில்லையா?"

"இல்லைங்க. நாங்க ஏமாத்துனோம். அவங்க நம்பிட்டாங்க."

எழுந்து வெளியே போனார். தார்ப்பாயை இழுத்தார். உள்ளே உட்கார்ந்து திரைமேல் இருந்த துண்டை எடுத்து, அதே துண்டால் தூசியைத் துடைத்தார். திரை எரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா நெனச்சுட்டேங்கம்மா." எனக்குப் பக்கத்தில் அவருடைய சமாதானம் நடந்தது, என்னை யாரும் அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் குழுவில் அறிக்கை வந்தது. எனக்கு மட்டும் அவர் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போவார். அம்மாவை மன்னித்தவர் என்னை மன்னிக்கவில்லை. அதில் நியாயம் இருந்தது.

மறுபடி தேர்வு வந்தது. மறுபடி திருச்சி. நஸ்ரினின் அம்மா எல்லோரும் ஆச்சரியப்படும்படி, "அண்ணன் கார்லயே போகட்டும். அவரு தப்பு ஒண்ணும் இல்லையே" என்றார்கள். நான் அண்ணன் வாசலில் போய் நின்றேன். "நாங்க நாலு பேரும் முன்னால போயி ரோட்டப் பாத்து நெசத்தச் சொல்றோம். உளுந்து, ஆடு, ஊர்வலம், எது கெடந்தாலும் போன்ல சொல்லிர்றோம்." அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று விடியலில் நாங்கள் கிளம்பினோம். கம்பவுண்டர் பாவத்தைக் கழுவும் உற்சாகத்தில் வீட்டிலிருந்த எல்லா போன்களையும் பையில் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் சார்ஜ் போனால் இன்னொன்று வேண்டுமே என்று. மற்ற இருவரும் அப்படியே. கீரனூர் தாண்டிச் சாலையில் ஒரு குழி, ஒரு கல் விடாமல், பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரிகள் போல மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனோம். திரும்பி வந்து மறுபடி பார்த்தோம். சாலை கழுவிவிட்டதுபோல் இருந்தது.

போன் அடித்தது. அண்ணன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுகிறார்.

"சார், நான் கீரனூர்ல இருக்கேன். ரோட்டுல என்னங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. தெளிவா இருக்கு. வாங்க."

"அம்மா செவப்புங்குறாங்களே. குன்றாண்டார்கோவில் வழியாப் போகச் சொல்றாங்க."

திரும்பிப் பார்த்தேன். எனக்கு முன்னால் கம்பவுண்டர், பின்னால் மற்ற இருவர், எல்லோரும் நடக்கிற வேகத்தில், பை நிறைய போன்களோடு, அதே சாலையில், அதே மொபெட்டுகளில்.

"அந்தச் சிவப்பு நாங்கதாங்க" என்றேன்.

வலதுபுறம் திரும்பவும் என்று அந்தப் பெண்குரல் சொல்வது போனில் எனக்கே கேட்டது.

"இந்தத் தடவ ஏமாத்தல. ரோட்ட மெதுவாப் பாத்துக்கிட்டு வந்தோம், அது தப்பா எடுத்துக்கிருச்சு. என்ன நம்புறதுக்கு ஒங்களுக்கு ஒரு காரணமும் இல்லைங்க. ஆனா வாங்க. நேரா வாங்க."

போன் நின்றது.

"எல்லாத்தையும் அமத்துங்கய்யா" என்று கத்தினேன். கம்பவுண்டருக்கு போனை அணைக்கத் தெரியாது. பையைத் தூக்கிக்கொண்டு, சாலையை விட்டே தள்ளிப் போய்விட்டால் சரியாகிவிடும் என்று கடலைக் காட்டுக்குள் இறங்கி ஓடினார். அந்த வயதில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பாம்பு என்று நினைத்து அவர்களும் ஓடினார்கள்.

நான் மொபெட்டை ஓரம் தள்ளிவிட்டுக் கீரனூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்தது. ஒரு லாரி வந்தது. அப்புறம் அந்தக் கார் வந்தது.

அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா சொல்லாத வழியில் வந்துகொண்டிருந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, கிணற்றில் இறங்குகிறவர் போல முகத்தை வைத்திருந்தார். பின்சீட்டில் நஸ்ரின் புத்தகத்தை மூடிவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டும்போது அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வளைவே இல்லாத அந்த நேர்ச்சாலையில், காரின் இடதுபக்க இண்டிகேட்டர் என் பக்கமாக ஒரு தடவை மின்னி அணைந்தது.

மையத்தின் கதவு திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நஸ்ரின் தேர்வில் தேறினாள். இப்போது ஆவுடையார்கோவிலில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸுக்குப் போகும்போது என்னைக் கண்டால், "தாத்தா, மொபெட் சௌக்கியமா?" என்று கேட்காமல் போவதில்லை. இந்த நோன்புக்கு அவள் அம்மா கஞ்சி கொடுத்து அனுப்பினார்கள். தூக்குவாளியை நானே கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீலக்கோடு அண்ணன் திரைக்கு இன்றும் மல்லிகை போடுகிறார், சரிங்கம்மா சொல்கிறார். ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. எங்கே கிளம்பினாலும், திரை முழுக்க நீலமாக இருந்தாலும், சாவியைத் திருகும் முன் எனக்கு ஒரு போன் வருகிறது. "சார், ரோடு எப்படிங்க இருக்கு?" நான் வீட்டுக்குள் ஈஸிசேரில் கிடப்பவன், திருச்சி ரோட்டையோ அறந்தாங்கி ரோட்டையோ நான் எங்கே கண்டேன். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் போனைக் காதில் வைத்தபடி எழுந்து, வாசல்வரை போய், தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.